கிசா பெரிய பிரமிடு: பாதி உயரத்துக்கு மேல் கற்கள் எப்படிப் போயின?

நைல்நேசன்:

வணக்கம் நண்பர்களே. பிரமிடு என்று பேச்சைத் தொடங்கினாலே பத்துப் பதிவுக்குள் வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிடுகிறார்கள், பேச்சும் அங்கேயே நின்றுவிடுகிறது. கடந்த சில ஆண்டுகளில் கிடைத்த சான்றுகளை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஒரு விவாதம் நடத்தலாமே என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் மெரர் என்ற ஒரு மனிதர். 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தலேயின் குழு பாப்பிரஸ் துண்டுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை அவைதாம். அதில் ஒன்று மெரரின் வேலைக் குறிப்பேடு. சுமார் 40 பேர் கொண்ட படகுக் குழுவுக்கு அவர் மேற்பார்வையாளர். பெரிய பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னரின் ஆட்சிக் கடைசியில், நைலின் கிழக்குக் கரையிலுள்ள துராவில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றி, எதிர்க்கரையில் கிசாவுக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் அந்த மாதங்களில் அவர்கள் வேலை. பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. இன்று கல் ஏற்றினோம், இன்று "கூஃபுவின் குளத்தில்" இரவு தங்கினோம் என்று நாள் வாரியாக எழுதி வைத்திருக்கிறார். மேலதிகாரியாக மன்னருக்கு வேறு தாய் வழியில் சகோதரரான அங்க்ஹாஃபின் பெயர் வருகிறது.

நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய லாரி டிரிப் ஷீட் என்று நினைத்துப் பாருங்கள். இதைப் படித்த பிறகு "யார் கட்டினார்கள்" என்ற கேள்வி எனக்கு முடிந்துபோனது. ஆனால் மெரர் கல்லைக் கரையில் இறக்குவதோடு நின்றுவிடுகிறார். அங்கிருந்து 146 மீட்டர் உயரத்துக்கு அது எப்படிப் போனது? அதைத்தான் இங்கே பேச வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

நல்ல தொடக்கம். நான் மறுபக்கத்திலிருந்து வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மனிதர்கள்தான் கட்டினார்கள், சரி. ஆனால் எனக்குக் கணக்கு இடிக்கிறது.

சுமார் 23 லட்சம் கற்கள். 20 வருடம் என்று வைத்தால், விடுமுறையே இல்லாமல் நாளைக்கு 315 கல். பத்து மணி நேர வேலை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். சராசரி எடை இரண்டரை டன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டரை டன் கல் வந்து, மேலேறி, சரியான இடத்தில் உட்கார வேண்டும். இருபது வருடம் இடைவிடாமல். இரும்புக் கருவி இல்லை, கப்பி இல்லை, பாரம் இழுக்கும் வண்டி இல்லை. நான் கட்டடத் தொழிலில் கணக்கு எழுதுகிறவன். கிரேன் வைத்து வேலை செய்யும் இடத்திலேயே ஒரு நாள் தாமதம் எத்தனை நாளைக் கெடுக்கும் என்று தினமும் பார்க்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், ஆட்சிக்காலத்துக்குள் முடித்தார்கள் என்பதை எப்படி இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்கிறீர்கள்?

குவாரிக்காரன்:

கணக்குப்பிள்ளை அண்ணா, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்லுடைக்கிறது. தாத்தா காலத்தில் மெஷின் கிடையாது. அதனால் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல் என்றால் ஒரே வாசலில் ஒவ்வொன்றாக நுழைவது போலத் தோன்றுகிறது. அப்படி யாரும் வேலை செய்ய மாட்டார்கள். கீழ் வரிசைகளில் ஒரு பக்கம் மட்டும் 230 மீட்டர். பரப்பில் ஐந்தே கால் ஹெக்டேர், அதாவது 13 ஏக்கர். 13 ஏக்கர் களத்தில் ஒரே நேரத்தில் ஐம்பது இடத்தில் கல் இறங்கலாம். ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு கல் வந்தால் போதும். நிதானமான வேலை அது.

இன்னொன்று, உள்ளே இருக்கும் கற்கள் எல்லாம் கச்சிதமாகச் செதுக்கியவை இல்லை. நான் பார்த்த படங்களிலேயே தெரிகிறது, சந்து சந்தாக இடைவெளி, அதில் ஜிப்சம் சாந்தும் சல்லியும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ரேசர் பிளேடு நுழையாத பொருத்தம் என்று சொல்வது வெளிப்போர்வைக் கல்லுக்கும் உள் அறைகளுக்கும்தான். உள்ளே போடுவதற்குக் கல் முக்கால்வாசி சதுரமாக இருந்தால் போதும். எங்கள் தாத்தா அதற்கு உளி கூட எடுக்க மாட்டார், சம்மட்டியாலேயே முகம் எடுத்துவிடுவார்.

நைல்நேசன்:

குவாரிக்காரன் சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன், இது கணக்குப்பிள்ளைக்குப் பிடிக்கும்.

பிரமிடு மேலே போகப் போகச் சுருங்கும் வடிவம். முழு உயரத்தில் கீழ் மூன்றிலொரு பங்கு, அதாவது முதல் 49 மீட்டருக்குள்ளேயே மொத்தக் கன அளவில் 27இல் 19 பங்கு முடிந்துவிடுகிறது. சுமார் 70 சதவீதம். பாதி உயரமான 73 மீட்டரை எட்டும்போது 87.5 சதவீதம் முடிந்துவிட்டது. கடைசி மூன்றிலொரு பங்கு உயரத்தில் இருப்பது 27இல் ஒரே ஒரு பங்கு, நாலு சதவீதத்துக்கும் குறைவு.

மேல் வரிசைக் கற்கள் சிறியவையும் கூட. அடிவரிசையின் உயரம் ஒன்றரை மீட்டர், மேலே போனால் அரை மீட்டர் சொச்சம். நடுவில் 35ஆவது வரிசை போலத் திடீரென்று தடித்த வரிசைகள் வருகின்றன என்பது உண்மை. ஆனாலும் மொத்தப் போக்கு மேலே போகப் போகச் சிறுப்பதுதான்.

கேள்விக்கு வருகிறேன். உயரே போனது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை ஏற்றுவதுதான் கஷ்டம். இரண்டையும் ஒரே முறையில் செய்திருக்க வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

மணல்மேடு:

இழுப்பது பற்றி என் பங்கு. ஜெஹுதிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறை டெய்ர் எல்-பெர்ஷாவில் இருக்கிறது. கூஃபுவுக்கு அறுநூறு ஆண்டுக்கு மேல் பிந்தையது. அதன் சுவரோவியத்தில் பெரிய அமர்ந்த சிலை ஒன்றை மரச் சறுக்குவண்டியில் கட்டி, வரிசை வரிசையாக 172 பேர் இழுக்கிறார்கள். வண்டி முனையில் நின்று ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார். நெடுங்காலம் அதை ஏதோ சடங்கு என்றே பலர் எண்ணினார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதனை செய்து பார்த்தார்கள். காய்ந்த மணலில் வண்டிக்கு முன்னால் மணல் குவிந்து தடுக்கிறது. சரியான அளவு ஈரம் இருந்தால் மணல் இறுகிக் குவியாமல் நிற்கிறது, இழுக்கும் விசை பாதியாகக் குறைகிறது. தண்ணீர் அதிகமானால் மறுபடி கெட்டுவிடும். கடற்கரையில் ஈரமணலில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புரியும்.

அந்தச் சிலையின் எடையை 58 டன் என்று மதிப்பிடுகிறார்கள். ஆளுக்கு 337 கிலோ வருகிறது. அதே விகிதத்தில் இரண்டரை டன் கல்லுக்குச் சமதரையில் எட்டுப் பேர். பத்துக்கு ஒன்று சாய்வில் ஏற வேண்டுமென்றால் கூடுதலாக 250 கிலோ இழுவை, இன்னும் ஏழெட்டுப் பேர். தாராளமாக 20 பேர் என்று வையுங்கள். ஒரு குழு நாளைக்கு இரண்டே இரண்டு கல் ஏற்றினாலும், 315 கல்லுக்கு 158 குழு, 3,160 ஆள்.

கணக்குப்பிள்ளை:

ஒப்புக்கொள்கிறேன், இழுப்பவர் எண்ணிக்கை நான் நினைத்ததைவிடக் குறைவு. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்ன ஒரு லட்சம் பேர் தேவையில்லை போல. ஆனால் வெட்டுவது? செம்பு உளியை வைத்துக்கொண்டு நாளைக்கு 315 கல் வெட்டி எடுப்பது என்றால்?

குவாரிக்காரன்:

சுண்ணாம்புக்கல் கருங்கல் மாதிரி இல்லை அண்ணா. பூமிக்குள் இருக்கும்போது ஈரம் இருக்கும், மென்மையாக இருக்கும், வெளியே வந்து காய்ந்தால்தான் இறுகும். கிசாவில் பாறை படிவு படிவாக, கெட்டிப் படிவுக்கு நடுவே மெத்துப் படிவாக இருக்கிறது. மெத்துப் படிவில் சுற்றிலும் வாய்க்கால் போல வெட்டிவிட்டு, அடியில் நெம்பினால் கெட்டிப் படிவு பலகை மாதிரிக் கழன்று வரும். ஸ்பிங்க்ஸ் உடம்பில் வரிவரியாகத் தெரிகிறதே, அதே படிவுகள்தான்.

1990களில் அமெரிக்கத் தொல்லியலாளர் மார்க் லேனரின் குழு ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காகச் சின்னப் பிரமிடு ஒன்றைக் கட்டிப் பார்த்தது. 12 பேர் 22 நாளில் 186 கல் வெட்டினார்கள். இரும்புக் கருவி, ஒரு வின்ச் எல்லாம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் மூன்று மடங்கு ஆள் போடுவோம். அப்போதும் நாளைக்கு 315 கல்லுக்கு ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு பேர்தான் வருகிறது. பெரிய குவாரிதான், ஆனால் நடத்த முடியாத குவாரி இல்லை. உளி தீட்டுகிறவன் தனியாக இருந்திருப்பான். செம்பு உளி சீக்கிரம் மழுங்கும், அவன் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. அந்த ஆளைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நைல்நேசன்:

உளி தீட்டுகிறவர் பற்றிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மெரரின் குறிப்பேடு ஏன் செங்கடல் கரையில் கிடைத்தது தெரியுமா? அவர் குழு அங்கே போனது சினாயிலிருந்து வரும் செம்புக்காக. கடல் தாண்டிச் செம்பு கொண்டுவரத் தனித் துறைமுகமே கட்டியிருக்கிறார்கள். அந்தச் செம்புதான் உங்கள் உளியாக மாறியது.

வெண்பாறை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஏற்றும் பிரச்சினையே இல்லாத ஒரு விளக்கம் இருக்கிறதே? பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசஃப் டேவிடோவிட்ஸ் சொல்வது: கற்கள் வெட்டப்பட்டவை அல்ல, அந்தந்த இடத்திலேயே அச்சில் வார்க்கப்பட்டவை. மெத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, காரப் பொருள் சேர்த்து, கூடைகூடையாக மேலே கொண்டுபோய்ப் பலகை அச்சில் கொட்டியிருக்கலாம். கூடை சுமந்து ஏற எந்தச் சாய்தளமும் வேண்டாம். 2006இல் மைக்கேல் பார்சூம் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் சில மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்து, சில பகுதிகள் அப்படி இருக்கலாம் என்று எழுதினார். இதை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

பாறைப்பித்தன்:

நான் புவியியல் படித்தவன், அதனால் இதற்குப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒதுக்கவில்லை நண்பரே, பாறையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறோம்.

கிசாவின் சுண்ணாம்புக்கல்லில் நம்முலைட் என்ற கடலுயிரின் ஓடுகள் காசு காசாகப் பதிந்திருக்கின்றன. கரைத்து வார்த்திருந்தால் ஓடுகள் உடைந்து, தாறுமாறாகக் கலந்து கிடக்க வேண்டும். பல கற்களில் அவை கடலடியில் படிந்த நிலையிலேயே, படிவுக் கோடுகளோடு முழுசாக இருக்கின்றன. அடுத்தது, வெட்டிய இடம் கண்ணெதிரே இருக்கிறது. பிரமிடுக்குத் தெற்கே சில நூறு மீட்டரில் பெரிய குவாரி, வாய்க்கால் வெட்டிய தடங்களோடு, பாதி வெட்டிய கற்களோடு. அச்சில் வார்த்திருந்தால் எல்லாக் கல்லும் சில அளவுகளுக்குள் அடங்கியிருக்கும். ஆனால் குவாரிக்காரன் சொன்ன மாதிரி ஒன்று போல் ஒன்று இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் கிரானைட். மன்னர் அறையின் கூரை உத்தரங்கள் ஒவ்வொன்றும் பல பத்து டன், எண்ணூறு கிலோமீட்டர் தெற்கே அஸ்வானிலிருந்து வந்தவை. கிரானைட்டை யாரும் வார்க்க முடியாது. அந்த எடையை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இரண்டரை டன்னுக்காக வார்ப்பு வேலை எதற்கு?

வெண்பாறை:

ஓடுகள் படிந்த நிலையில் இருப்பது எனக்குத் தெரியாத செய்தி. அது வலுவான வாதம்தான். உட்கருவைப் பொறுத்து விட்டுக்கொடுக்கிறேன். போர்வைக் கற்களில் சிலவற்றைப் பற்றி இன்னும் சோதனை நடக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தென்றல்79:

கல்லைப் பற்றியே பேசுகிறோம், இழுத்தவர்களைப் பற்றியும் பேசுங்கள். "அடிமைகள் கட்டவில்லை, கூலிக்காரர்கள் கட்டினார்கள்" என்று இப்போது எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 1990இல் ஒரு குதிரை கால் இடறிய இடத்தில் தொழிலாளர் கல்லறைகள் வெளிப்பட்டன, எகிப்தியத் தொல்லியலாளர் ஜாஹி ஹவாஸின் குழு அகழ்ந்தது. முறிந்து சேர்ந்த எலும்புகள், கை கால் வெட்டி எடுத்த பிறகும் பிழைத்திருந்தவர்கள், பெண்களின் எலும்பிலும் பாரம் சுமந்த தேய்மானம். வைத்தியம் பார்த்திருக்கிறார்கள், மன்னர் கல்லறைப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். இவை சந்தையில் வாங்கிய அடிமைக்குச் செய்வதில்லை, சரிதான்.

ஆனால் விரும்பி வந்தார்களா? ஊருக்கு இத்தனை ஆள் என்று அரசு கேட்டு வாங்கிய முறைவேலையாகத்தான் பெரும்பகுதி இருந்திருக்கும். நம் கல்வெட்டுகளில் "வெட்டி" என்று ஒரு சொல் வரும், கூலியில்லாமல் செய்தே ஆக வேண்டிய ஊழியம். இன்றைய "வெட்டி வேலை" அதிலிருந்து வந்ததுதான். எகிப்தில் சாப்பாடு போட்டார்கள் என்பதால் அது முழு வெட்டி அல்ல. ஆனாலும் மறுக்கும் உரிமை இருந்ததா என்று கேட்காமல் "மகிழ்ச்சியான தொழிலாளர்கள்" என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நைல்நேசன்:

தென்றல் அக்கா, இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அடிமை, சுதந்திரக் கூலி என்ற இரண்டு பெட்டிக்குள் அந்தக் காலத்தை அடைக்க முடியாது. குழுப் பெயர்களையும் கவனியுங்கள். மன்னர் அறைக்கு மேலே, யாரும் பார்க்கப் போவதில்லை என்று மூடிய பளு குறைப்பு அறைகளில் "கூஃபுவின் நண்பர்கள்" என்ற பொருளில் செம்மண் சாயத்தில் எழுதியிருக்கிறார்கள். கூஃபுவுக்குப் பின் வந்த மன்னர் மென்கௌரேயின் பிரமிடில் ஒரு குழு "மென்கௌரேயின் குடிகாரர்கள்" என்று தங்களை அழைத்துக்கொண்டது. கட்டாயத்தில் வந்தவர்களுக்குள்ளும் குழுப் பெருமையும் போட்டியும் இருந்திருக்கின்றன. இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருக்க முடியும்.

லேனர் அகழ்ந்த தொழிலாளர் ஊர், ஹெய்ட் எல்-குராப், பெரும்பாலும் பின்னால் வந்த மன்னர்கள் காஃப்ரே, மென்கௌரே காலத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரொட்டிச் சூளைகள், மாட்டு எலும்பு, ஆட்டெலும்பு எல்லாம் அங்கே கிடைத்தவை. கூஃபு காலத்துக் குடியிருப்பு இன்றைய ஊருக்கடியில் இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:

சரி, ஏற்றும் விஷயத்துக்கு வருவோம். நேற்று இரவு உட்கார்ந்து சாய்தளத்தைக் கணக்கிட்டேன். 20 மீட்டர் அகலம், பத்துக்கு ஒன்று சாய்வு, நேர்க்கோட்டில் ஒரே சாய்தளம்.

உச்சி வரை என்றால் நீளம் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர், கன அளவு சுமார் 21 லட்சம் கன மீட்டர். பிரமிடே 26 லட்சம்தான். பக்கச் சுவர் செங்குத்தாக நிற்காது, சரிவாக வைத்தால் பிரமிடையே மிஞ்சிவிடும். ஆகவே உச்சி வரை நேர் சாய்தளம் என்பதை நான் மறுக்கிறேன்.

ஆனால் 49 மீட்டர் வரை மட்டும் என்றால்? 2.4 லட்சம் கன மீட்டர். உச்சி வரைக்கான அளவில் ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றுதான் வருகிறது. பாதி உயரம் வரை என்றால் 5.3 லட்சம். நைல்நேசன் சொன்ன 70, 87 சதவீதத்தை இதோடு பொருத்திப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்பதில் ஒரு பங்கு சாய்தளத்தில் எழுபது சதவீதக் கல்லை ஏற்றிவிடலாம். நான் மறுத்துக்கொண்டிருந்தது மேல் பாதியை மட்டும்தான் என்று இப்போது புரிகிறது.

பாறைப்பித்தன்:

அந்தச் சாய்தளத்தின் குப்பை கூட இருக்கிறது அண்ணா. தெற்குக் குவாரிப் பள்ளம் முழுக்கச் சுண்ணாம்புச் சில்லு, ஜிப்சம், தஃப்லா என்று அங்கே சொல்லும் பாலைக் களிமண் ஆகியவற்றால் நிரம்பிக் கிடந்தது. அந்தக் கலவைதான் சாய்தளம் போட ஏற்ற பொருள். வேலை முடிந்ததும் பிரித்து, கல்லெடுத்த பள்ளத்திலேயே கொட்டியிருக்கிறார்கள் என்று கொள்வது இயல்பாகப் பொருந்துகிறது. குவாரிக்கும் பிரமிடுக்கும் நடுவில் தெற்குப் பக்கம் சாய்தளச் சுவர்களின் மிச்சமும் கிடைத்திருக்கிறது.

மிகப் பாரமான கிரானைட் கற்களும் பாதி உயரத்துக்குள்தான். மன்னர் அறையின் தரை 43 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலுள்ள ஐந்து பளு குறைப்பு அறைகளைச் சேர்த்தாலும் 73 மீட்டரைத் தாண்டவில்லை. கட்டியவர்கள் பாரத்தைக் கீழேயே முடித்துக்கொண்டார்கள்.

நைல்நேசன்:

ஆக மிச்சம் மேல் பாதி. இப்போதுதான் விவாதமே ஆரம்பிக்கிறது.

சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம் என்பது ஒரு யோசனை. அதில் எனக்குள்ள தயக்கம், நான்கு விளிம்புகளையும் அது மூடிவிடும் என்பது. நான்கு கோடுகளும் உச்சியில் ஒரே புள்ளியில் சேர வேண்டுமானால் கட்டக் கட்ட விளிம்பைக் குறி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் பக்கங்கள் வடதிசையிலிருந்து ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விலகியிருக்கின்றன. அவ்வளவு கறாரானவர்கள் விளிம்பை மண்ணால் மூடிவிட்டுக் கண்ணை மூடிக் கட்டியிருப்பார்களா?

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான்-பியர் ஊதேன் அதைத் திருப்பிப் போட்டார். கீழ்ப்பகுதிக்கு வெளிச் சாய்தளம், மேல்பகுதிக்குப் பிரமிடின் உடம்புக்குள்ளேயே சுற்றி ஏறும் சுரங்கச் சாய்தளம், மூலைகளில் கல்லைத் திருப்பத் திறந்த வெளி. விளிம்பும் தெரியும், பின்னால் பிரிக்கவும் வேண்டாம். 1986இல் பிரெஞ்சுக் குழு ஈர்ப்பு அளவி வைத்துப் பார்த்தபோது அடர்த்தி குறைந்த பகுதி ஒன்று சுருள் போலத் தெரிந்தது என்பதை அவர் ஆதாரமாகக் காட்டுகிறார். வடகிழக்கு விளிம்பில் பாதிக்கு மேல் உயரத்தில் ஒரு குழிவும் இருக்கிறது. எனக்கு இந்த யோசனையின் அழகு பிடிக்கும். ஆனால் 2015இல் தொடங்கிய ஸ்கேன் பிரமிட்ஸ் திட்டம் கல்லையும் ஊடுருவும் மியூவான் துகள்களால் உள்ளே பார்த்தபோது, 2017இல் மன்னர் அறைக்கு ஏறிச்செல்லும் பெருங்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடமும், 2023இல் வடமுகத்தில் 9 மீட்டர் நீளத் தாழ்வாரமும் உறுதியாயின. சுற்றி ஏறும் சுரங்கம் தென்படவில்லை.

நான் சாய்வது ஹத்னூப் பக்கம். 2018இல் அந்த அலபாஸ்டர் குவாரியில் கூஃபு காலத்துச் செங்குத்தான சாய்தளம் ஒன்று வெளிப்பட்டது. சாய்வு 20 சதவீதம், அதற்கும் மேல். இரு பக்கமும் படிக்கட்டு, படியோரம் கம்பம் நட்ட குழிகள். கயிற்றைக் கம்பத்தில் சுற்றி, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சேர்ந்து இழுத்திருக்கலாம். சாய்வு இரட்டிப்பானால் சாய்தளத்தின் நீளம் பாதி. மேல் பாதிக்கு ஒரு முகத்தின்மேல் ஒட்டினாற்போல் இப்படிக் குறுகிய, செங்குத்தான பாதை போதுமே?

மணல்மேடு:

ஹத்னூப் குவாரி, பிரமிடு அல்ல. அங்கே கல்லைப் பள்ளத்திலிருந்து சமதரைக்கு இழுத்தார்கள். 70 மீட்டர் உயரத்தில், காற்றில், குறுகிய சாய்தளத்தில் அதே முறை நிற்குமா? அந்தத் தொழில்நுட்பம் கையில் இருந்தது என்பதற்கு அது சான்று. பிரமிடில் பயன்பட்டது என்பதற்குச் சான்று இல்லை. இந்த இடைவெளியை நாம் தாண்டிக் குதிக்கக் கூடாது.

குவாரிக்காரன்:

என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். மேல் பகுதிக்கு நெம்புகோல்தான்.

சின்ன வயதில் எங்கள் ஊரில் கிணற்று வேலை நடந்தது. அடியிலிருந்து ஒரு டன்னுக்கு மேல் இருக்கும் கல் ஒன்றை நாலு பேர் வெறும் கடப்பாரையால் மேலே கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் நெம்பி, நாலு விரல் உயர்ந்ததும் அடியில் கட்டை அண்டை கொடுத்து, மறுபக்கம் நெம்பி, மறுபடி அண்டை. ஒரு நாள் முழுக்க ஆனது. ஆனால் வந்துவிட்டது. யாரும் இழுக்கவே இல்லை, நிற்க இரண்டடி இடம் இருந்தால் போதும்.

ஹெரோடோட்டஸ் சொல்வதும் இதுதானே? படிப்படியாகக் கட்டி, குட்டை மரங்களாலான கருவியால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தூக்கினார்கள் என்கிறார். இரண்டாயிரம் வருடம் கழித்து வந்து கேட்டு எழுதியவர், ஆள் கணக்கில் தவறியிருக்கலாம். ஆனால் குட்டை மரம் என்ற விவரம் கற்பனையில் வராது, வேலை தெரிந்த எவனோ அவரிடம் சொல்லியிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. மேலே அரை மீட்டர் உயரக் கல், ஒரு டன் சொச்சம். அரை மீட்டர் படி. நான்கு முகத்திலும் வரிசையாக ஆள் நிறுத்தினால் ஒரே நேரத்தில் நூறு கல் ஏறிக்கொண்டிருக்கும்.

கணக்குப்பிள்ளை:

தம்பி, இதில் ஒரு சிக்கல். போர்வைக் கல் வழவழப்பான சரிவு. உட்கருவை முதலில் படியாகக் கட்டிவிட்டு, போர்வையை அப்புறம் போட்டார்கள் என்றால், போர்வைக் கல்லை எங்கே நின்று வைத்தார்கள்? உட்கருவும் போர்வையும் சேர்ந்தே ஏறின என்றால், நெம்ப நிற்கப் படியே இருக்காது.

நைல்நேசன்:

இதுதான் எனக்கும் தூக்கம் வராத இடம். இந்த மக்கள் ஒரே நாளில் இதைக் கற்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். கூஃபுவின் அப்பா ஸ்னெஃப்ரு மெய்தூமில் ஒன்று, தஹ்ஷூரில் இரண்டு என்று மகனுடையதைவிட அதிகக் கல்லை அடுக்கியவர். வளைந்த பிரமிடு 54 பாகையில் தொடங்கி, நடுவில் 43க்கு மாறியது. அடுத்த சிவப்புப் பிரமிடை அடியிலிருந்தே 43இல் கட்டினார்கள். கூஃபுவின் காலத்தில் வேலை பார்த்த மூத்த கொத்தனார்கள் அந்தத் தவறுகளுக்குள் வளர்ந்தவர்கள். மேல் பாதிக்கு ஒரே முறை இருந்திருக்க வேண்டியதில்லை. செங்குத்துச் சாய்தளம் முடிந்த இடத்தில் நெம்புகோல் தொடங்கியிருக்கலாம்.

பாலைப்பயணி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வருடம் கிசாவுக்குப் போய் வந்தேன், கணக்குப்பிள்ளையின் கேள்விக்கு அங்கே பார்த்த ஒன்று உதவலாம்.

எல்லாரும் பெரிய பிரமிடோடு திரும்பிவிடுகிறார்கள். நான் மூன்றாவதான மென்கௌரேயிடமும் போனேன். அதன் அடியில் 16 வரிசை கிரானைட் போர்வை. மன்னர் இறந்ததும் வேலை நின்றுபோனதால் பெரும்பகுதியைத் தேய்க்காமலே விட்டுவிட்டார்கள். வடக்கு வாசலைச் சுற்றி முகம் சமப்படுத்தி வழவழவென்று இருக்கிறது. அதற்கு வெளியே கற்கள் தலையணை போலப் புடைத்து நிற்கின்றன, பலவற்றில் கைப்பிடி போலக் கல்லிலேயே விட்ட குமிழ்கள் தெரிகின்றன. அதாவது போர்வைக் கல்லை வைக்கும்போது அது சரிவாக இல்லை. வெளிப்பக்கம் கூடுதல் கல்லோடு முரடாக வைத்து, கடைசியில் மேலிருந்து கீழாகச் செதுக்கி இறங்கியிருக்கிறார்கள்.

குவாரிக்காரன்:

பாலைப்பயணி அண்ணா, அப்படியானால் நிற்க இடம் கிடைத்துவிட்டது. புடைப்பு எத்தனை விரல் இருக்கும்? குமிழ் கல்லின் அடிப்பக்கமா, நடுவிலா? அடிப்பக்கம் என்றால் அதன் கீழ்தான் கட்டையைக் கொடுத்து நெம்பியிருப்பார்கள். நடுவில் என்றால் கயிறு.

பாலைப்பயணி:

கீழ்ப்பாதியில்தான் அதிகம் பார்த்த நினைவு, ஆனால் நினைவை நம்பி உங்களுக்குச் சொல்ல மனமில்லை. வாசலின் இரு பக்கமும் கிட்டே நின்று எடுத்த படங்கள் பழைய போனில் இருக்கின்றன. சில படங்களில் என் கை பக்கத்தில் இருக்கிறது, அளவு தெரியும். இன்று இரவு ஏற்றுகிறேன், குமிழ்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடர்வோம்.